கத்திரி வெயிலும் போன் பேட்டரியும்

பேட்டரி சீக்கிரம் போய்விடுகிறது என்றாலே "ராத்திரி பூரா சார்ஜில் போட்டிருப்பாய்" என்று சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய எதிரி சூடு. மே மாத மத்தியானத்தில் பைக் ஹோல்டரில் போனை மாட்டி, மேப்பும் ஓடவிட்டு, கூடவே சார்ஜும் ஏற்றிக்கொண்டு போனால் பேட்டரியின் ஆயுளை நாமே கரைக்கிறோம்.

லித்தியம் அயனி பேட்டரிக்குள் வேண்டாத வேதிவினைகள் எப்போதும் கொஞ்சம் நடந்துகொண்டேதான் இருக்கும். சூடு ஏறினால் அவை வேகம் பிடிக்கும். உள்ளே இருக்கும் திரவம் சிதையும், ஆனோடு எனும் எதிர்முனை மேல் இருக்கும் மெல்லிய படலம் தடிக்கும், சார்ஜைச் சுமக்க வேண்டிய லித்தியம் அந்தப் படலத்தில் மாட்டிக்கொள்ளும். அப்படிப் போனது திரும்பி வராது. சார்ஜ் 100 சதவீதத்தில் நிற்கும்போது செல்லின் வோல்ட்டேஜும் உச்சத்தில் இருப்பதால், முழு சார்ஜும் சூடும் சேர்வதுதான் மிக மோசம்.

ஹோல்டரில் இருக்கும் போனுக்கு வெளியே வெயில். உள்ளே முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், டேட்டா, சார்ஜ் என நான்கு அடுப்புகள். சுமார் 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. அதனால்தான் சூடான போன் சார்ஜைத் தானே குறைக்கிறது, சில சமயம் நிறுத்தியும் விடுகிறது. வண்டி எடுக்கும் முன்பே நிழலில் 80 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளுங்கள். போகிற பகுதியின் மேப்பை வீட்டு வைஃபையில் ஆஃப்லைனாக இறக்கிவிட்டால் டேட்டா வேலை குறையும். சார்ஜ் போடும்போது தடித்த கவரைக் கழற்றுங்கள். சூடான போனை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோர்த்துக்கொள்ளும். மின்விசிறிக் காற்று போதும்.

சாம்சங், பிக்சல் போன்கள் பலவற்றிலும், ஐபோன் 15-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி பேட்டரி அமைப்புகளிலேயே இருக்கிறது. ராத்திரி சார்ஜ் போடுகிறவர்கள் அதை ஆன் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் கெடும் என்ற பயமும் வேண்டாம். பேட்டரியின் ஆயுளை சைக்கிள் எனும் முழுச் சுற்றுகளில்தான் கணக்கிடுகிறார்கள்; இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் செலவானால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள்.

அன்றாடச் செலவில் பலர் கவனிக்காதது சிக்னல். டவர் எட்டாத இடத்தில் போன் கூடுதல் சக்தியோடு கத்திக்கொண்டே இருக்கும். 5ஜி வந்து வந்து போகும் இடமென்றால் 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். டார்க் மோட், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையில்தான் பலன் தரும், அதுவும் வெளிச்சம் கூட்டி வைத்திருக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரியும். ஆப்களை ஓயாமல் தள்ளி மூடுவது வீண் வேலை. அடுத்த முறை திறக்கும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால் செலவுதான் கூடும்.

25 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் கேமராவைத் திறந்ததும் அணைந்துபோகிறதா? பெரும்பாலும் பேட்டரியின் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதை உள்ளுக்குள்ளேயே தடுக்கும் தன்மை, ஏறிவிட்டது என்று அர்த்தம். திடீரென்று அதிக மின்சாரம் கேட்டதும் வோல்ட்டேஜ் சரிகிறது. எந்த செட்டிங்கும் இதைத் திருப்பாது, பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும். கவர் இல்லாமல் போனைச் சமமான மேஜையில் மல்லாக்க வைத்து ஒரு ஓரத்தைத் தட்டிப் பாருங்கள். முன்பு ஆடாத போன் இப்போது நடு முதுகில் ஊன்றிப் பம்பரம்போல் சுற்றினாலோ, திரையின் விளிம்பில் இடுக்கு தெரிந்தாலோ, பேட்டரி உப்பிவிட்டது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், இன்னொரு முறை சார்ஜ் போடாதீர்கள். அணைத்து, அன்றைக்கே சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.