கேப்டவுன் உயில்களில் சோழமண்டலத்து அடிமைகள்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்குக் கப்பலேற்றப்பட்ட அடிமைகளில் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் மூதாதையரைத் தேடும்போது பெரிதும் கைகொடுப்பவை எசமானர்களின் உயில்களும், அவர்கள் இறந்தபின், வயதுவராத வாரிசுகளின் சொத்தைப் பாதுகாத்துவந்த அநாதைகள் வாரியம் எடுத்த சொத்துப் பட்டியல்களுமே. மாடு, கட்டில், செம்புப் பாத்திரம் ஆகியவற்றோடு அடிமைகளின் பெயர்களும் அவற்றில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தாயை ஒரு வாரிசுக்கும் பிள்ளையை இன்னொருவருக்கும் பிரித்தெழுதிய வரிகளைப் படிக்கையில் நெஞ்சு பதறுகிறது. ஆயினும் அந்த உறவுக்குச் சான்றாக வேறெதுவும் எஞ்சாத குடும்பங்கள் உண்டு. பெயரை மட்டும் நம்பித் தேடுவது போதாது என்பேன். 'செப்டம்பர்' என்று மாதப் பெயரிடப்பட்டவர்கள் பலர். எனவே எசமானர் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து, ஏலக் கணக்குகளையும் 1816-இல் தொடங்கிய அடிமைப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.