ஒழுகுகிற ஹோடிக்குக் கைச்செலவு வைத்தியம்

மும்பை மாஹிம் ரேத்தி பந்தரில் தாத்யாவின் பத்தடி ஹோடி, அதாவது சின்ன மரப்படகு, வெயிலில் கிடந்து காய்ந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே நாணயம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட எனக்கு அது வேண்டும். தாராவியில் கட்டில், மேஜை செய்கிறவன் நான், அதனால் "நீயே பார்த்துக்கோ" என்று தாத்யா விட்டுவிட்டார்.

பார்த்தவர்களெல்லாம் மேலே ஃபைபர் (கண்ணாடி இழைப் பூச்சு) அடிக்கச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலகைப் படகு ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஃபைபர் அப்படி அசையாது. ஓரம் விட்டுக்கொண்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தை அழுக வைக்கும். செலவோ படகின் விலையைத் தாண்டும். சிலிகான் டியூபும் வேண்டாம்: எண்ணெய் ஊறிய மரத்தில் ஒட்டாது, ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது.

தாத்யா சொன்னது ஒன்றுதான்: "திலா பாணி பிவூ தே." குடிக்கட்டும், விடு. கோணிச்சாக்கை உள்ளே விரித்து, கடல் தண்ணீர் ஊற்றிக் காயவிடாமல் பார்த்துக்கொண்டோம். மழைத் தண்ணீர் தேங்கினால் மரம் அழுகும், உப்பு அதைத் தடுக்கும். அதனால் மழை பெய்த அன்றெல்லாம் கல்லுப்பு அள்ளிப் போட்டேன். பாதி இடுக்கு தானாகவே மூடிக்கொண்டது.

மீதி ஓட்டையைக் கண்டுபிடிக்க, படகைக் கட்டைமேல் ஏற்றி உள்ளே நாலு விரல் உயரம் மட்டும் தண்ணீர் விட வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. விளிம்புவரை நிரப்பினால் ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் படுத்து, சொட்டுகிற இடத்தையெல்லாம் ஆணியால் கீறி வைத்தேன்.

அப்புறம் கலப்பத்து, அதாவது பலகை இடுக்கில் நூல் அடைப்பது. மரத்தைக் கொஞ்சம் உலரவிட்டு, இடுக்கில் இருந்த பழைய சரக்கை உடைந்த ஹேக்ஸா பிளேடால் சுரண்டி எடுத்தேன். தையல் பட்டறையில் ஒதுக்கிய பருத்தி நூலைத் திரித்து, லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயில் நனைத்து, மொண்ணை உளியை வைத்து மரச்சுத்தியால் தட்டி இறக்கினேன். இங்கே கை அடக்கம் வேண்டும். இறுக்கித் திணித்தால், பலகை உப்பும்போது போக இடமில்லாமல் அடுத்த பலகையையே தள்ளிவிடும். உளி 'தொப் தொப்' என்று அடிக்கிற சத்தம் கொஞ்சம் கெட்டியானதும் நிறுத்திவிட வேண்டும். மேலே சாக் பவுடரும் அதே எண்ணெயும் பிசைந்த பட்டி. ஆணி ஓட்டைக்கு மட்டும் எம்-சீல் போதும்.

வெளியே முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசினோம், கொங்கணத்து முந்திரி ஆலைச் சரக்கு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் வெந்து கொப்பளித்துவிடும். மொத்தச் செலவு ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைதான்.

மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைக்கிற நாரளி பௌர்ணமிக்குப் பிறகு படகை இறக்கினோம். முதல் நாள் கசியத்தான் செய்யும். பலகை உப்பி நூலைக் கவ்விக்கொள்ள ஓர் இரவாவது ஆகும். அதுவரை மொண்டு ஊற்ற ஒரு பழைய டால்டா டப்பாவைப் படகிலேயே கட்டிப் போட்டிருக்கிறேன்.