வில்லன் இல்லாத வீடுகள்

கடந்த இரண்டு வருடத்தில் எனக்கு மனசாரப் பிடித்த தமிழ்ப் படங்களை யோசித்துப் பார்த்தால், அநேகமாக எதிலுமே வில்லன் என்று ஒருவர் இல்லை. அரிவாள் இல்லை, கடத்தல் இல்லை. ஒரு வீடு, அதற்குள் கொஞ்சம் ரோஷம், கொஞ்சம் கடன், யாரோ யாரிடமோ மறைத்த ஒரு விஷயம். அவ்வளவுதான். நான் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ படம் பார்க்கிற ஆள், அதுவும் பெரும்பாலும் அம்மாவோடும் கணவரோடும். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே படம் பிடிப்பது அபூர்வம். இந்தப் படங்களில் அது நடந்தது.

முதலில் ‘லப்பர் பந்து’. 2024 செப்டம்பரில் வந்தது. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. கெத்து என்கிற தினேஷுக்கும் அன்பு என்கிற ஹரிஷ் கல்யாணுக்கும் கிரிக்கெட் மைதானத்தில் முட்டிக்கொள்கிறது. அன்பு காதலிக்கிற பெண் கெத்துவின் மகள். இதைக் கேட்டால் ஆயிரம் முறை பார்த்த கதை போலத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இரண்டு பேரிடமும் வீம்பும் இருக்கிறது. மாமனாரும் மருமகனும் ஆகப்போகிறவர்கள் ஒருவரை ஒருவர் அவுட்டாக்கத் துடிப்பதைப் பார்க்கும்போது சிரிப்பும் பதற்றமும் சேர்ந்தே வருகின்றன. அணிக்குள் சாதி பார்க்கிற ஆட்களும் படத்தில் உண்டு. அவர்களுக்கான பதிலையும் ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார் இயக்குநர். நீளமாக வசனம் பேசி நம்மை உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை.

அந்தப் படத்தில் எனக்கு எல்லோரையும்விடப் பிடித்தது யசோதைதான். கெத்துவின் மனைவியாக ஸ்வாசிகா. புருஷன் வேலையை விட்டுவிட்டு ஆடப் போனான் என்று மைதானத்துக்கே டிராக்டரை ஓட்டிக்கொண்டு வருவாள் பாருங்கள், அம்மா கைதட்டியே விட்டார். வழக்கமாக இந்த இடத்தில் மனைவியை ராட்சசியாகக் காட்டிச் சிரிக்கவைப்பார்கள். இங்கே அவள் கோபத்தில் அர்த்தம் இருக்கிறது. குடும்பத்தைச் சுமக்கிறவள் அவள். அதே சமயம் அவள்மேல் கெத்துவுக்கு இருக்கிற பிரியமும் பொய்யில்லை. சண்டைக்கு நடுவிலும் இரண்டு பேர் கண்ணிலும் அது தெரிகிறது. கல்யாண வயதில் மகள் இருக்கிற அம்மாவாக, தன் வயதைத் தாண்டிய வேடத்தை ஸ்வாசிகா துணிந்து எடுத்துச் செய்திருக்கிறார். அதற்கே தனியாகப் பாராட்ட வேண்டும்.

ஒரே வாரம் தள்ளி வந்தது ‘மெய்யழகன்’. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன அரவிந்த் சுவாமி, பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார். வீட்டைப் பிடுங்கிய சொந்தக்காரர்களைப் பழிவாங்குகிற கதையாக இதைச் செய்வது எவ்வளவு சுலபம்! இயக்குநர் பிரேம்குமார் அந்தப் பக்கமே போகவில்லை. மணமேடையில் தங்கைக்குக் கொலுசு போட்டுவிடுகிற காட்சியில் என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அங்கே சந்திக்கிற சொந்தக்காரரான கார்த்தி விழுந்து விழுந்து உபசரிக்கிறார், ஆனால் அவர் பெயர்கூட அரவிந்த் சுவாமிக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். படம் முழுவதும் ஓடுகிற அந்தச் சங்கடம் சிரிப்பாக ஆரம்பித்துக் கடைசியில் தொண்டையை அடைக்கிறது. நீளம் என்று நிறையப் பேர் குறைப்பட்டதால் வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகிற இரண்டு ஆட்களைப் பற்றிய படம் அது. பேச்சு நீளத்தான் செய்யும்.

‘குடும்பஸ்தன்’ வேறு ரகம். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மறைத்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போகிறார் மணிகண்டன். முதல் பாதி முழுக்கச் சிரித்தோம். காசை வைத்தே மனிதர்களை அளக்கிற அக்கா வீட்டுக்காரராக குரு சோமசுந்தரம் பிரமாதம். அப்படி ஒருத்தர் எல்லாச் சொந்தத்திலும் இருப்பார். இரண்டாம் பாதியில் எல்லோரும் கத்த ஆரம்பித்ததும் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது. பாண்டிராஜின் ‘தலைவன் தலைவி’யிலும் இதே குறைதான், இன்னும் அதிகமாக. நித்யா மேனனும் விஜய் சேதுபதியும் அமைதியாக இருக்கிற காட்சிகள் அவ்வளவு அழகு, ஆனால் அவை குறைவு. சத்தம் போட்டால் காமெடி என்கிற நினைப்பை நம் ஆட்கள் விட வேண்டும்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தப்பித்து வந்த குடும்பம், இலங்கைத் தமிழில் பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து பயந்து வாழ்கிறது. அந்தப் பயத்திலிருந்தே சிரிப்பை எடுக்கிறார் அபிஷன் ஜீவிந்த். முதல் படமாம்! அந்தக் குடும்பத்தின் அப்பாவாக வருகிற சசிகுமாரின் பாத்திரம் இவ்வளவு நல்லவராக இருக்க வேண்டுமா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஒரே ஒரு தடவையாவது அவர் எரிந்து விழுந்திருந்தால் இன்னும் நம்பியிருப்பேன். ஆனால் அக்கம்பக்கத்தில் யார் என்றே தெரியாமல் கிடந்த தெருக்காரர்கள் அதே தெருவில் இருந்த ஒரு வயதான அம்மாவின் சாவு வீட்டில் ஒன்றுகூடும் காட்சியில் என் கேள்வியெல்லாம் எங்கோ போய்விட்டது.

2025 ஜூலை 4 அன்று இரண்டு படங்கள் வந்தன. ‘3 பிஎச்கே’யில் சரத்குமார் குடும்பம் சொந்த வீடு வாங்கப் பல வருடம் போராடுகிறது. ‘பறந்து போ’வில் மாதத் தவணைக்குப் பயந்த அப்பாவும், அடுக்குமாடி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பையனும் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டே ஓடுகிறார்கள். ஒரே நாளில் இப்படி இரண்டு! முதல் படம் பார்த்தபோது அம்மா பழைய கணக்கு நோட்டையெல்லாம் நினைத்து நெகிழ்ந்தார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாக அழவைக்கப் பார்த்தது போல் இருந்தது. அண்ணனுக்காக ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கிற அந்தத் தங்கை என்ன நினைத்தாள் என்று கேட்க இன்னும் இரண்டு காட்சி இருந்திருக்கலாம். மீதா ரகுநாத் அந்த அளவுக்கு நன்றாக நடித்திருக்கிறார்.

‘பறந்து போ’தான் என் கட்சி. இயக்குநர் ராம் படம் என்றால் கனமாக இருக்கும் என்று தயங்கியே போனேன். அப்பாவாக வருகிற சிவாவின் அலட்டாத முகமும், வாய் ஓயாத அந்தப் பையனும், இரண்டு பேரும் ரோட்டில் சந்திக்கிற மனிதர்களும் சேர்ந்து என்னை ஒரேயடியாக மாற்றிவிட்டார்கள். குழந்தையை அறிவாளியாகவோ தெய்வமாகவோ காட்டவில்லை. அடம்பிடிக்கிறான், பொய் சொல்கிறான், அப்பாவை அலைக்கழிக்கிறான். அந்த அப்பாவும் கோபத்தில் கத்திவிட்டு உடனே தவிக்கிறார். பார்க்காமல் விட்டிருந்தால் வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பார்த்து முடித்ததும் அவர்கள் எங்கே போகலாம் என்று கேட்டார்கள் என்பதை எனக்கும் எழுதுங்கள்.