டிகிரி முடித்தவர் இடைநிலை ஆசிரியர் ஆக: டி.சி.யும் தமிழ்வழிச் சான்றும் படுத்தும் பாடு

பி.எஸ்சி. முடித்த கையோடு பி.எட். போட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்புக்கும் போகலாம், பத்தாம் வகுப்புக்கும் போகலாம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம்பி பணம் கட்டிவிடாதீர்கள். 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) கொடுத்த அந்தச் சலுகையை 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியர் ஆக தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். பேப்பரில் டி.எல்.எட்., ஊர் வாயில் இன்னும் 'டீச்சர் டிரெயினிங்'. ஆறு மாத இணைப்புப் படிப்பு இருக்கிறதே என்று யாராவது ஆசை காட்டினால், அது தீர்ப்புக்கு முன்பே பணியில் சேர்ந்துவிட்ட பி.எட். ஆசிரியர்களுக்கு என்பதை நினைவில் வையுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அதில் இடமில்லை.

ஆக, டிகிரிக்குப் பிறகு மறுபடி இரண்டு வருடம். இதில் முதல் அடி, டிகிரி மார்க்கை யாரும் பார்ப்பதில்லை என்பது. சேர்க்கைக்குப் பார்ப்பது பிளஸ் டூ மதிப்பெண்தான். பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. மாவட்டத்து அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட்டில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. தனியார் நிறுவனம் என்றால், நீங்கள் சேரும் ஆண்டுக்கு என்.சி.டி.இ. அங்கீகாரம் உயிரோடு இருக்கிறதா என்று ஆணையையே கேட்டு வாங்கிப் பாருங்கள். வாசலில் மாட்டிய பலகை ஆதாரம் ஆகாது.

அடுத்த சிக்கல் டி.சி. பிளஸ் டூ டி.சி. எப்போதோ கல்லூரிக்குப் போயாகிவிட்டது. இப்போது செல்லுபடியாவது கல்லூரி கொடுக்கும் டி.சி. அதற்கு நோ டியூ, அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற படிவம். அதில் நூலகம், ஆய்வகம், விடுதி, என்.எஸ்.எஸ்., அலுவலகம் என்று கையெழுத்து வாங்கியாக வேண்டும். ஆய்வகப் பொறுப்பாளர் விடுமுறையில் போயிருந்தால் அன்றைய பயணம் வீண். திங்கள்கிழமை வா என்பார்கள், திங்கள்கிழமை முதல்வர் கூட்டத்தில் இருப்பார். பட்டயச் சேர்க்கையின் கடைசித் தேதி இதற்காகக் காத்திருக்காது. கடைசி செமஸ்டர் தேர்வு முடிந்த அன்றே நோ டியூ வேலையைத் தொடங்கிவிடுவதுதான் பிழைக்கும் வழி. கல்லூரி உங்கள் மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைத்திருந்தால், அப்படி வைத்திருக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யே சொல்லியிருப்பதை மரியாதையாக நினைவூட்டுங்கள். பல இடங்களில் அந்த ஒரு வாக்கியத்திலேயே பீரோ திறக்கும்.

படிப்பு என்று பார்த்தால் பெரிய சங்கடமில்லை. வருகைப்பதிவு மட்டும் கறார்: பாடங்களுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90. கூடவே வேலைக்குப் போய்க்கொள்ளலாம் என்ற கணக்கு இரண்டாம் ஆண்டில் உடையும். டிகிரிக்காரர்கள் சறுக்குவது பயிற்சி வகுப்பறையில்தான். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை 35 என்று எழுதும். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று; பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்ற விதியை அது ஒழுங்காகத்தான் பின்பற்றியிருக்கிறது. இங்கே கரும்பலகையில் 'கடன் வாங்கு' என்று பத்து முறை சொன்னாலும் பயனில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சியையும் கையில் கொடுத்து, ஏழு எடுக்கச் சொல்ல வேண்டும். கட்டைப் பிரிக்காமல் முடியாது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலையும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். ஒரு பாடக் குறிப்பை வைத்துக்கொண்டு மூன்று கூட்டத்தையும் சமாளிக்க முடியாது, மூன்று வேலையாகப் பிரித்து எழுதுங்கள்.

அடுத்து ஆசிரியர் தகுதித் தேர்வான டெட். இதன் முதல் தாள் 150 மதிப்பெண்: குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றும் 30. பொதுப்பிரிவுக்கு 90 வேண்டும், மற்றவர்களுக்கு எவ்வளவு என்பதை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். நெகட்டிவ் மார்க் இல்லை, ஒன்றையும் காலியாக விடாதீர்கள். கணக்கில் அள்ளிவிடலாம் என்று போகும் அறிவியல் பட்டதாரிக்குக் குழந்தை மேம்பாட்டிலும் தமிழிலும் கை நழுவும். தேர்வு வருடாவருடம் வரும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2019-க்குப் பிறகு 2022, அதற்குப் பிறகு 2025. இறுதி ஆண்டில் விண்ணப்பிக்க வாய்ப்பு வந்தால் தவறவிடாதீர்கள்.

டெட் தேறினாலே வேலை என்பதும் பழைய கதை. 2018 ஜூலையில் வந்த அரசாணை 149-க்குப் பிறகு தனியாக ஒரு போட்டித் தேர்வும் உண்டு. 2024 ஜூலை 21 அன்று ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்திய இடைநிலை ஆசிரியர் தேர்வு அதுதான். அதில் தமிழ்த் தகுதித் தாள் தனி: 50-க்கு 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியமாகப் போனால் 150 கேள்விக்கான உழைப்பும் போச்சு.

இனிதான் உண்மையான அலைச்சல். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனிச் சான்று வாங்க வேண்டும். பட்டயப் படிப்புக்கும் தனியாக ஒன்று. கேட்கும் தகுதி பட்டயம் என்பதால் டிகிரியை ஆங்கிலவழியில் படித்தது இங்கே குறுக்கே வராது. ஆனால் ஒன்றாம் வகுப்பை மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு இரண்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறியவருக்கு ஒதுக்கீடு கிடையாது. அப்பா அம்மா ஆசைப்பட்டுச் சேர்த்த அந்த ஒரு வருடம்!

பள்ளிக்குப் போகும்போது 'நான் இங்கேதான் படித்தேன் சார்' என்று நின்றால் ஹெச்.எம். சேர்க்கை எண் கேட்பார். இருபது வருடத்துக்கு முந்தைய சேர்க்கைப் பதிவேட்டை அவர் பக்கம் பக்கமாகப் புரட்டமாட்டார். ஐந்தாம் வகுப்பு முடித்தபோது கொடுத்த டி.சி.யின் நகல் இருந்தால் எண் அதிலேயே இருக்கும், பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் சேர்ந்த ஆண்டையும் அப்போது எழுதிய பெயர், இனிஷியலையும் வீட்டில் விசாரித்துக்கொண்டு போங்கள். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும், ஜூனில் புதுச் சேர்க்கை நெரிசல். ஆகஸ்ட், செப்டம்பர்தான் நல்ல நேரம். பள்ளி மூடப்பட்டிருந்தால் பதிவேடு எங்கே போனது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். 'இங்கே இல்லை' என்பதுதான் முதல் பதிலாக வரும். எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து ஒப்புகை வாங்கினால், இல்லாத பதிவேடு அடுத்த வாரம் கிடைத்துவிடுகிறது.

சான்று கைக்கு வந்ததும் வாசலைத் தாண்டுவதற்குள் படித்துப் பாருங்கள். வகுப்பு, ஆண்டு, பயிற்றுமொழி, கையெழுத்து, முத்திரை, தேதி. நான்காம் வகுப்பு வரை ஒரு பள்ளி, ஆறிலிருந்து இன்னொரு பள்ளி என்று எழுதியிருந்தால் ஐந்தாம் வகுப்பு எங்கே என்று சரிபார்ப்பு மேசையில் கேட்பார்கள். படிவமும் அறிவிக்கையில் கொடுத்திருக்கும் மாதிரிதான் இருக்க வேண்டும். பள்ளி லெட்டர்பேடில் ஹெச்.எம். அன்போடு எழுதித் தரும் கடிதத்தால் ஒரு பஸ் டிக்கெட் காசுதான் நஷ்டம். மாதிரிப் படிவத்தை இரண்டு பிரதி அச்செடுத்துக்கொண்டு போங்கள், முதல் பிரதியில் அடித்தல் திருத்தல் வராமல் இருப்பது அபூர்வம்.