இரண்டாவது மறதி

செல்வந்தனான நாயகன் நினைவை இழந்து எளிய குடும்பத்துப் பெண்ணிடம் அடைக்கலம் புகும் கதை, சீனக் காதல் நகைச்சுவைத் தொடர்களைப் பார்ப்பவர்களுக்குப் புதிதல்ல. சிங் ஃபெய்யும் ஜின் ஸேயும் நடித்து 2020இல் டென்சென்ட் தளத்தில் வெளியான ‘உன்னை மறந்தும் காதல் நினைவிருக்கிறது’ தொடரின் கதையும் அதுவே. 2005இல் தைவானில் ஒளிபரப்பாகிப் பெரும் வரவேற்பைப் பெற்ற ‘தவளையாக மாறிய இளவரசன்’ என்ற தொடரைத்தான் சீனாவில் இப்படி மறுபடியும் எடுத்தார்கள். மிங் தாவும் ஜோ சென்னும் நடித்த அந்த மூலத் தொடரை நான் மிகவும் நேசிக்கிறேன். அதற்குக் காரணம் அதில் வரும் முதல் மறதி அல்ல, இரண்டாவது மறதி.

பெரிய ஹோட்டல் குழுமத்தின் தலைவனான ஷான் ஜுன்ஹாவ், எவரிடமும் இளகாத, வேலையைத் தவிர வேறொன்றும் அறியாத இளைஞன். விபத்தொன்றில் தன் பெயரைக்கூட மறந்துவிடும் அவனை, பணக்கார மாப்பிள்ளை கிடைத்தால் குடும்பக் கஷ்டம் தீரும் என்று வெளிப்படையாகவே கனவு காணும் யே தியன்யூ தன் ஊருக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே அவனுக்குச் சூட்டப்படும் பெயர், தைவானில் சமையலுக்குப் பயன்படும் ஒரு கீரையின் பெயர். கட்டளையிட்டே பழகியவன் ஊராரோடு சேர்ந்து வேலை செய்வதும், சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் வியப்பதும் தொடரின் முதல் பாதியைச் சிரிப்பால் நிறைக்கின்றன. அவர்களுக்குள் காதல் அரும்பி முற்றிய வேளையில் அவனுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. ஆனால் அவளோடு வாழ்ந்த நாட்கள் முழுவதும் அவன் மனத்திலிருந்து அழிந்துவிடுகின்றன.

இந்த இடத்தில்தான் கதை தன் உண்மையான உயரத்தை எட்டுகிறது என்பது என் கருத்து. முதல் மறதியில் இழந்தவன் அவன் ஒருவன்தான். இரண்டாவதில் இழப்பவள் அவள், அதுவும் முழு நினைவோடு. தங்கள் காதலுக்கு இருந்த இரண்டு சாட்சிகளில் ஒருவர், எதிரே நின்றுகொண்டே, ‘உன்னை எனக்குத் தெரியாது’ என்கிறார். பணத்தின் மேல் கண்ணுள்ளவள் என்று முன்பு நம்மைச் சிரிக்க வைத்த அவளுடைய குணமே, இப்போது அவள் சொல்வதை யாரும் எளிதில் நம்ப முடியாமல் செய்துவிடுகிறது. நகைச்சுவைக்காக விதைத்த ஒன்றைத் துயரமாக அறுவடை செய்யும் இந்தத் திறமையை இவ்வகைத் தொடர்களில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

மருத்துவ நோக்கில் இது எவ்வளவு சாத்தியம் என்ற கேள்வி எழலாம். தலையில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் அந்தச் சம்பவத்தை ஒட்டிய நேரத்தைத்தான் மறக்கிறார்கள். சொந்தப் பெயரையும் அடையாளத்தையும் மறப்பது மிக அரிது. ஆனால் கடும் மன அதிர்ச்சியால் சிலர் தம் அடையாளத்தையே இழந்து, வேறிடத்தில் வேறொருவராகச் சில காலம் வாழ்வதை மனநல மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. அவர்களுக்குப் பழைய நினைவு மீளும்போது, இடைப்பட்ட அந்தக் காலம் பல நேரங்களில் நினைவில் தங்குவதில்லை. கதாசிரியரின் மிகையான கற்பனை என்று நாம் ஒதுக்கக்கூடிய அந்த இரண்டாவது மறதிதான், காரணம் வேறாக இருந்தாலும், மருத்துவ ஏடுகளுக்கு நெருக்கமாக இருக்கிறது.

மிங் தாவ் இந்த இரு மனிதர்களையும் நடையாலும் பார்வையாலும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். ஜுன்ஹாவின் கண்கள் எதிரிலிருப்பவரை அளக்கின்றன. கீரையின் பெயர் சூடியவனின் கண்களோ எதையும் கேட்பதில்லை. ஜோ சென்னும் குறைந்தவர் அல்லர்: உரத்த குரலில் பேரம் பேசும் பெண், தன்னை அறியாதவன் முன் சொல்லிழந்து நிற்கும் காட்சிகளில் அவருடைய மௌனம் வசனத்தைவிட அதிகம் பேசுகிறது. புதிய ஆக்கத்தில் படப்பிடிப்பும் உடைகளும் மெருகேறியிருக்கின்றன, சிங் ஃபெய்யின் துடிப்பும் பிடித்திருக்கிறது. ஆயினும் மூலத்தில் இருந்த ஊர்ப்புற வெதுவெதுப்பு அதில் எனக்குக் கிட்டவில்லை.

மூலத் தொடரின் முடிவில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நினைவு திரும்பாத நிலையிலேயே ஜுன்ஹாவின் மனம் மெல்ல அவள் பக்கம் சாய்கிறது. அந்த அத்தியாயங்கள் அத்தனை அழகாக இருந்தும், மறந்ததெல்லாம் அவனுக்கு மீண்டும் நினைவுக்கு வந்துவிடுகிறது. கீரையின் பெயர் சூடிய அந்த மனிதனை ஒருபோதும் நினைவுகூராமலே, ஜுன்ஹாவ் ஜுன்ஹாவாகவே அவளை இரண்டாம் முறை தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று நான் இன்றும் விரும்புகிறேன்.