தாலெத்தின் மூலை

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் தலையணைகள் எல்லாம் பேசும். ஒன்று 'குட் நைட்' என்னும், இன்னொன்று 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' என்னும். எல்லாம் அம்மா தைத்த ஆங்கில எழுத்துகள். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு உறையின் மேல் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்து, வளையத்தில் துணியை முறுக்கி, ஸ்டெம் ஸ்டிச்சில் கோடு கோடாகப் போய்விடுவார். எழுத்தின் அர்த்தம் தெரியாவிட்டாலும் ஒரு வளைவும் பிசகாது. அந்தப் பழக்கம் எனக்கும் வந்தது. கொச்சிக்கு இரண்டு தடவை போனதும் அதனால்தான்.

முதல் தடவை போனது 2014-ல். கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் நாலு மணி நேரம், அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி, பிறகு ஆட்டோவில் மட்டாஞ்சேரி. யூதர் தெருவுக்குள் நுழைந்ததுமே சுக்கு வாசனை மூக்கில் ஏறிவிட்டது. 'சாராஸ் ஹேண்ட் எம்பிராய்டரி' என்ற பலகைக்குப் பக்கத்து ஜன்னலோரத்தில் சாரா கோஹன் பாட்டி உட்கார்ந்திருந்தார். அப்போதே தொண்ணூறைத் தாண்டியவர். பூப்போட்ட கவுன், தலையில் எம்பிராய்டரி செய்த சின்ன வட்டத் தொப்பி. நான் பேச்சுக் கொடுக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் அவரை எட்டிப் பார்த்துக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள், நானும் சேர்ந்து தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் நீல நூலால் இரண்டு சொல் தைத்த ஒரு மூடுதுணியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது துணியின் பின்பக்கத்தை. தையல்காரி வேறெதைப் பார்ப்பாள்! பின்பக்கத்தில் நூல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாண்டி ஓடவே இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் நூல் தனியாகத் தொடங்கி, தனியாக முடிந்திருந்தது. ஒரு கோட்டை முடித்து நூலை அறுத்து, அடுத்த கோட்டுக்குப் புதிதாகக் கோத்திருக்கிறார்கள். அது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பது தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அது ஹல்லா என்னும் ரொட்டியை மூடும் துணி. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குகிறது. அன்றைய மேஜையில் இரண்டு ரொட்டிகள் வைப்பார்கள். பாலைவனத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா ஆறாம் நாளில் மட்டும் இரண்டு பங்காகக் கிடைத்ததன் நினைவு அது. மன்னாவுக்குக் கீழேயும் மேலேயும் பனி படர்ந்திருந்ததால் ரொட்டிக்கு அடியில் ஒரு துணி, மேலே ஒரு துணி. இதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். முதல் ஆசீர்வாதம் திராட்சை ரசத்துக்குத்தான். தன்னை விட்டுவிட்டு ரசத்துக்கு முதல் மரியாதை செய்வதைப் பார்த்து ரொட்டி மனம் வாடிவிடக் கூடாதாம், அதனால் அதுவரை அதை மூடி வைக்கிறார்கள். ரொட்டியின் முகம் வாடுமே என்று நினைத்த மனிதர்கள் மீது எனக்கு அன்றே ஒரு பாசம் வந்துவிட்டது.

துணியில் இருந்த ஹீப்ருச் சொற்கள் 'லிக்வோத் ஷபாத்'. ஓய்வுநாளின் மகிமைக்காக என்று பொருள். ஊரடங்குக் காலத்தில் அதன் மேல் பட்டர் பேப்பர் வைத்துப் படி எடுத்து நானே ஒன்று தைத்தேன். ஆறு இழை ஆங்கர் நூலில் இரண்டு இழை மட்டும் பிரித்து, அம்மாவின் அதே ஸ்டெம் ஸ்டிச். எழுத்துகள் முடிந்தன. ஓரத்தில் கொடி ஓட்டுவதற்கு நூலின் நிறம்தான் தீர்மானிக்க முடியவில்லை. போன ஜனவரியில் அதைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் கிளம்பினேன்.

இந்த முறை ஜன்னலில் பாட்டி இல்லை. 2019 ஆகஸ்ட் 30-ல், 96 வயதில் இறந்துபோனார். கடையை அவருக்குப் பிறகும் நடத்துகிறவர் தாஹா இப்ராஹிம். சிறுவனாக அந்தத் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தபால் அட்டை விற்றவர். சாராவின் கணவர் ஜேக்கப் கோஹன் 1999-ல் இறப்பதற்கு முன் மனைவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் ஒப்படைத்தார். பிள்ளைகள் இல்லாத அந்த யூதப் பெண்மணியை ஒரு முஸ்லிம் மனிதர் இருபது வருடம் பார்த்துக்கொண்டார். இதைத் திரும்பத் திரும்ப எத்தனை பேர் எழுதினாலும் தகும். 1948-ல் இஸ்ரேல் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலை கழற்றி எடுத்துப் போகப்பட்டு, இப்போது ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெருவில் பெயர் மட்டும் மீதம். கடைகளில் பாதிக்கு மேல் காஷ்மீர் சால்வையும் பழம்பொருளும்.

கடைக்குப் போகுமுன், தெருவிலேயே இருக்கும் பரதேசி ஜெபாலயத்துக்குப் போனேன். 1568-ல் கட்டியது. வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது, அதை வைத்து நாளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சீனாவிலிருந்து வந்த, கையால் தீட்டிய நீல வெள்ளை ஓடுகள் பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தன. எல்லாரும் தலை நிமிர்ந்து கண்ணாடிச் சரவிளக்குகளைப் பார்க்கிறார்கள். என் கண் துணிகளில்தான். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி தந்த கம்பளம் ஒன்று அங்கே உண்டு. முகப்பில், யூதர்களின் வேதமான தோரா சுருள்கள் வைக்கும் பேழை. அதற்கு முன்னால் தொங்கும் திரையை 'பரோகெத்' என்பார்கள். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்கு இளநீலமும் இரத்தாம்பரமும் சிவப்புமாக நூல் எடுத்துத் தைத்ததாக வருகிறதே, தமிழ் விவிலியம் அந்த வேலைக்கு வைத்திருக்கும் சொல் 'சித்திரத்தையல்'. அதைச் செய்தவன் பெயரையும் சொல்கிறது, அகோலியாப். ஒரு வேதப் புத்தகத்தில் பூத்தையல்காரனின் பெயர் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

இதே ஜெபாலயத்தில்தான் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மன் கொடுத்த செப்பேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. ஏறக்குறைய கி.பி. 1000-ஐச் சேர்ந்தவை. அவற்றின் எழுத்து நம் வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு முன் யூதர்களுக்குக் கிடைத்த உரிமைகள் வளைந்து வளைந்து ஓடும் நம் எழுத்தில் இருக்கின்றன. அதை நினைத்துக்கொண்டே கடைப் பக்கம் நடந்தேன்.

கடையில் கிப்பா தொப்பிகள் அடுக்கடுக்காக இருந்தன. மேஜை விரிப்புகள், கைக்குட்டைகள், குழந்தைகளுக்கான சட்டைகள். நான் என் துணியை விரித்து, பக்கத்தில் நூல் கண்டுகளை வைத்து நிறம் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழுவில் வயதான அம்மா ஒருவர், எண்பது இருக்கும், கைத்தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டு என் அருகில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இது ஆரா தய்ச்சது?"

மலையாளம்! நான் திகைத்துப்போனேன். இங்கே பிறந்தவராம். சின்ன வயதில் பெற்றோரோடு இஸ்ரேலுக்குப் போனவர், வீட்டில் அம்மாவோடு பேசிப் பேசி மொழியை விடாமல் வைத்திருக்கிறார். என் கோவைத் தமிழும் அவருடைய பழைய மலையாளமும் சண்டையில்லாமல் பேசிக்கொண்டன.

"நான்தான் தைத்தேன்மா."

"நல்ல கை. பக்ஷே, ஒரு அக்ஷரம் தெற்றிப்போயல்லோ மோளே."

முதல் சொல்லின் கடைசி எழுத்தில் விரலை வைத்தார். ஹீப்ரு வலமிருந்து இடமாக ஓடும். லாமெத், காஃப், பேத், வாவ், தாலெத். அந்தத் தாலெத்துக்கு மேலே ஒரு படுக்கைக் கோடு, வலப்புறத்தில் கீழிறங்கும் ஒரு கால். இரண்டும் சேருமிடத்தில் கூரான மூலை இருக்க வேண்டும், மேல்கோடு காலைத் தாண்டித் துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் அந்த மூலையை அழகாக உருட்டி வைத்திருந்தேன். உருட்டினால் அது தாலெத் இல்லை, ரேஷ்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஸ்டெம் ஸ்டிச் கயிறு மாதிரி, வளைவென்றால் தானாகப் போகும், மூலையில் முரண்டு பிடிக்கும். அதோடு கை தமிழ்க் கை. அ, இ, ஐ என்று சின்ன வயதிலிருந்து சுழித்துச் சுழித்துப் பழகியது. கண் மூலையைப் பார்த்திருக்கிறது, கை அதை வட்டெழுத்தாக்கிவிட்டது.

அந்த அம்மா சொன்னதை இன்றும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் காலையும் மாலையும் சொல்லும் ஜெபத்தில் கடவுள் ஒருவரே என்று ஒரு வரி வருகிறது. 'ஒன்று' என்பதற்குச் சொல் 'எஹாத்'. அதன் கடைசி எழுத்து தாலெத். மூலை மழுங்கி ரேஷ் ஆனால் அந்தச் சொல் 'அஹேர்' ஆகிவிடும். வேறொன்று என்று அர்த்தம். ஒரே கடவுள் வேறொரு கடவுளாகிவிடுவார். அதனால்தான் தோரா சுருளில் அந்த ஒரு தாலெத்தைப் பெரிதாக எழுதுவார்களாம். எழுதுகிறவர் கை தவறி அது ரேஷாகப் போனால் திருத்தும்வரை அந்தச் சுருளை ஜெபாலயத்தில் வாசிக்க முடியாது.

"ரொட்டித் துணிதானே, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்றும் இல்லை என்றும் அர்த்தம் கொள்ளலாம். நான் கத்திரிக்கோலை எடுத்துவிட்டேன்.

பிரிப்பது தைப்பதைவிடக் கஷ்டம். பின்பக்கத்தில் முனையை வெட்டி, ஊசியின் பின்புறத்தால் ஒவ்வொரு இழையாக உருவினேன். பழைய ஊசித் துளைகள் துணியில் அப்படியே வட்டமாக நின்றன. நகத்தால் தேய்த்துக் கொஞ்சம் மறைத்தேன். பிறகு மேல்கோட்டை வலமுனை வரை இழுத்து, கடைசித் தையலை அங்கேயே குத்தி இறக்கி, பின்னால் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். காலுக்குப் புது நூல். மேல்கோட்டின் முனையிலிருந்து ஒரு நூலிழை அளவு உள்ளே தள்ளி ஊசியை வெளியே எடுத்து, அங்கிருந்து நேராகக் கீழே. 2014-ல் வாங்கிய துணியின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றையும் ஏன் தனித்தனியாகத் தொடங்கி முடித்திருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நூலை முடிக்காமல் மூலை கிடைக்காது.

அந்த வயதான அம்மா பக்கத்திலேயே இருந்தார். கண்புரை ஆபரேஷன் செய்தும் நுணுக்கமான வேலை இனி முடிவதில்லை என்றார். தன் அம்மா தைத்த ஒரு துணி கிழிந்து நைந்தும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். நிறத்தைப் பற்றிக் கேட்டதற்கு, கொடிக்கு மஞ்சள் வேண்டாம், மாதுளைச் சிவப்பு வை என்றார். நான் யோசித்தே பார்த்திராத நிறம்.

வெளியே அவருடைய குழுவினர் கூப்பிட்டார்கள். கைத்தடியை எடுக்கப் போனவர் நின்று, துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி, வலமிருந்து இடமாக ஆள்காட்டி விரலை ஓட்டினார். லாமெத். காஃப். பேத். வாவ். மூலையில் விரல் தட்டி நின்றது.

"தாலெத்," என்றார்.