பூமழை பெய்த ஒன்பதாம் நாள்: குப்பனூர் வழியாக ஏற்காடு

பங்குனியில் ஏற்காட்டில் முதல் மழை என்று சேதி வந்தால் நான் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். காப்பிச் செடி மொட்டுக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் அப்படியே உறங்கிக் கிடக்கும். கோடை மழை ஒன்று நன்றாக நனைத்தால்தான் எட்டு, பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒன்றாக விரியும். அந்த மழைக்குப் பேரே பூமழை. விரிந்த பூ இரண்டு மூன்று நாளில் பழுப்பேறிவிடும். அதற்குள் சைக்கிளோடு மேலே இருக்க வேண்டும்.

இந்த வருஷம் ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. நானும் மச்சானும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பினோம். அடிவாரம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். புதிதாக மலை ஏறுகிறவர்களுக்கு அந்த ரோடுதான் நல்லது. ஆனால் ஞாயிறு என்றால் காரும் வேனும் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வரும். நாங்கள் குப்பனூர் வழியைப் பிடித்தோம். செங்குத்து அதிகம், வண்டி குறைவு.

சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் இருக்கிற உயரம் முழுவதையும் தொடைதான் கணக்குப் பார்க்கும். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் இருப்பதிலேயே பெரிசு. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் தாழ்த்திக்கொள்ள வேண்டும். நிமிர்ந்தால் முன்சக்கரம் தூக்கும். கீழ்க்காடு இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. ரோட்டோரம் சருகு மெத்தை மாதிரி கிடக்கும், அதன் அடியில் பொடிக்கல். அதில் எழுந்து நின்று மிதித்தால் பின்டயர் வழுக்கிச் சும்மா சுற்றும். உட்கார்ந்தே மிதிப்பதுதான் வழி. இந்த மாதத்தில் ஒரு பீடித்துண்டு போதும், மலையே பற்றிக்கொள்ளும். புகைக்கிற பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கொட்டச்சேட்டில் டீ குடிக்க நின்றோம்.

"பூ விட்டிருக்குதுங்களாக்கா?"

"ராத்திரியெல்லாம் ஒரே வாசம் தம்பி. ஆனா மொள்ளப் போங்க, விடியக்காலம் காட்டெருமை ரோட்டுல நின்னுச்சு. மஞ்சக்குட்டைப் பக்கம் மழை நாலு நாள் கழிச்சுத்தாங்க பெஞ்சுது, அங்க இன்னும் மொட்டுதான்."

அதற்கு மேலே காற்று மாறியது. கண்ணுக்குத் தெரியும் முன்னே வாசம் வந்துவிட்டது. மல்லிகை போல, ஆனால் கொஞ்சம் பச்சை வாடையோடு. வளைவு திரும்பினால், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் சரிவு முழுக்க வெள்ளை. ஒரு கிளையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இலை ஜோடி சேரும் ஒவ்வொரு கணுவிலும் பத்துப் பதினைந்து பூ நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஒல்லி இதழ். நடுவில் கேசரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தேனீச் சத்தத்தில் மச்சான் பேசியதே சரியாகக் கேட்கவில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது. அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். ஏரிக்குப் போக வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஏறுவதற்குப் பலம் வேண்டும், இறங்குவதற்குப் பொறுமை வேண்டும். மச்சான் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினான். நாலாவது கிலோமீட்டரில் அவன் குரல் மாறியது: "மாப்ள, லீவர் பஞ்சு மாதிரி அமுங்குது!" ஏற்றப் பக்க மண்மேட்டில் சக்கரத்தை ஏற்றி நிறுத்தினான். பின்சக்கரத்து டிஸ்க், அதாவது பிரேக் கவ்வுகிற இரும்புத் தட்டு, நீலம் பாய்ந்திருந்தது, சுட்ட இரும்பு வாடை. விடாமல் உரசினால் சூடு பிரேக் எண்ணெய்க்குள் இறங்கிக் குமிழி கட்டும்; அப்புறம் விரல் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனான், கையைப் பிடித்துத் தடுத்தேன். ஊற்றியிருந்தால் டிஸ்க் கோணியிருக்கும். இருபத்தைந்து நிமிஷம் மரநிழலில் காத்திருந்தோம். லீவர் பழையபடி இறுகியது. பிறகு வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, நேர் ரோட்டில் முழுசாக விட்டு, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி இறங்கச் சொல்லிக்கொடுத்தேன்.

குப்பனூர் வந்தபோது மணி பதினொன்று. அனல் முகத்தில் அடித்தது. மச்சான் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு விரல் மடக்கிக் கணக்குப் போட்டான். மஞ்சக்குட்டையில் நாலு நாள் கழித்து மழை என்றால், பூ வியாழக்கிழமை. இருவரும் லீவு சொல்லிவிட்டோம்.